மனுவின் மொழி மாறிய மாவட்டம்
அரசியல் வளர்ச்சி: ஒரு கோட்பாட்டின் வரலாறு – 7

1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது வட தமிழகத்தின் மிகப் பெரிய உழவர் சாதிகளில் ஒன்று அரசுக்கு ஒரு கோரிக்கை வைத்தது. கணக்கேட்டில் தங்களை க்ஷத்திரியர் என்று எழுத வேண்டும் என்பது அது. 116 ஆண்டுகள் கழித்து, 1987 செப்டம்பரில், அதே சாதியினர் திண்டிவனம், விழுப்புரம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு உட்கார்ந்தார்கள். தங்களைப் பிற்பட்டோரிலும் பிற்பட்டோராகக் கணக்கில் எடுத்துத் தனிப் பங்கு தர வேண்டும் என்பது இம்முறை கோரிக்கை. முதல் மனு மேலே ஏற்றச் சொன்னது. இரண்டாவது மனு, கீழே இருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளச் சொன்னது. இன்றைக்கும் தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் புரட்டினால் ‘வன்னியகுல க்ஷத்திரியர்’ என்ற பெயர் அங்கே இருக்கிறது. இரு நூற்றாண்டு மனுக்களும் அந்த ஒரே வரியில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அரசியல் வளர்ச்சி என்று ஏடுகள் எதைச் சொல்கின்றனவோ அதை இந்த வரியைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதுதான் இப்பகுதியின் வேலை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிய நாடுகள் பிறந்தபோது, அவற்றை எப்படி ஆராய்வது என்ற கேள்வி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுந்ததைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். 1954இல் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் ஒப்பீட்டு அரசியலுக்கென ஒரு குழுவை அமைத்தது. கேப்ரியல் ஆல்மண்ட் அதன் தலைவர். 1958இல் டேனியல் லெர்னர் மேற்காசியாவைப் பற்றி எழுதிய நூலில் நகரம், எழுத்தறிவு, செய்தித்தாள், அரசியல் பங்கேற்பு என ஒரு படிவரிசையைக் காட்டினார். 1959இல் செமூர் லிப்செட் செல்வத்துக்கும் மக்களாட்சிக்கும் உள்ள உறவைப் புள்ளிவிவரத்தால் நிறுவ முயன்றார். 1960இல் ஆல்மண்டும் ஜேம்ஸ் கோல்மனும் வளர்ந்துவரும் நாடுகளின் அரசியலைப் பற்றிப் பெரிய தொகுப்பொன்றைக் கொண்டுவந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஓர் அனுமானம் இருந்தது. மரபு ஒரு கரை, நவீனம் மறு கரை. சமூகம் இங்கிருந்து அங்கே கடக்கிறது. கடக்கும்போது குலம், சாதி, சமயப் பற்று முதலியவை பின்னே விடப்படுகின்றன. மக்கள் தனி ஆட்களாக மாறி, கட்சிகளிலும் தொழிற்சங்கங்களிலும் சேர்கிறார்கள். எவ்வளவு உதறினார்களோ அவ்வளவு வளர்ச்சி. இந்த அளவுகோலை அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல் வைத்தால் என்ன ஆகிறது?

விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டின் வட்டங்கள். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விளையும் பூமி இது. உழைப்பவர்களில் பெரும் பகுதியினர் வன்னியர்களும் தலித்துகளும். வன்னியர்களில் சிறு நிலம் உடையவர்கள், குத்தகைக்கு உழுதவர்கள், கூலிக்குப் போனவர்கள் என்று மூன்று வகையினரும் உண்டு. பெரிய நிலமும் ஊர்ச் செல்வாக்கும் ரெட்டியார், முதலியார் முதலிய சாதிகளிடம் இருந்தன. காங்கிரஸ் தலைமையும் பெரும்பாலும் அவர்களிடமே இருந்தது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் ஆகியவை அவர் காலத்தில் வந்தவை. நேர்மைக்கு அவரை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் தலைவர் எவ்வளவு நல்லவர் என்பது வேறு, அதிகாரம் எந்த வாசல் வழியாக வருகிறது என்பது வேறு. எண்ணிக்கையில் மிகுந்த சாதிக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

அந்த வாசலை நோக்கிய நடை சங்கத்தில் தொடங்கியது. 1888இல் சென்னையில் வன்னியகுல க்ஷத்திரிய மகாசங்கம் உருவானது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் சங்கம் நூல்கள் வெளியிட்டது, பட்டப்பெயர்களை மாற்றச் சொன்னது, கணக்கெடுப்பு அதிகாரிகளை விடாமல் அணுகியது. 1931 கணக்கெடுப்பில் வன்னியகுல க்ஷத்திரியர் என்ற பெயரே ஏறியது. எம். என். சீனிவாஸ் பின்னாளில் ‘சமஸ்கிருதமயமாதல்’ என்று பெயரிட்ட போக்குக்கு இது பாடநூல் எடுத்துக்காட்டு: தாழ்த்திவைக்கப்பட்ட சாதி, மேல்சாதியின் பெயரையும் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டு படியேறப் பார்க்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படியேறுவதற்கான விண்ணப்பம் மடத்துக்கோ கோயில் தர்மகர்த்தாவுக்கோ போகவில்லை. கணக்கெடுப்பு ஆணையருக்குப் போனது. க்ஷத்திரியர் என்ற சொல் பழையது. அதை உறுதிசெய்யும் அதிகாரம் அரசாங்கத்தின் அச்சடித்த அட்டவணைக்கு உண்டு என்ற எண்ணம் முற்றிலும் புதியது. மரபு நவீனத்தின் கதவைத் தட்டிய ஓசை அப்போதே கேட்டிருக்கிறது.

வாக்குரிமை விரிந்ததும் மனு வேட்புமனுவானது. 1949 தென்னார்க்காடு ஜில்லா போர்டு தேர்தலில் சங்கத்தார் காங்கிரசை எதிர்த்து நின்று 52 இடங்களில் 22ஐப் பிடித்தார்கள். 1951இல் கூடிய சங்க மாநாடு, பொதுத்தேர்தலில் நிற்பதற்குக் கட்சி தேவை என்று முடிவெடுத்தது. எஸ். எஸ். ராமசாமி படையாட்சியார் தலைமையில் தென்னார்க்காட்டிலும் சேலத்திலும் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி எழுந்தது. வடார்க்காட்டிலும் செங்கல்பட்டிலும் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி நின்றது. சாதிச் சங்கத்தின் வயிற்றில் பிறந்த இரு கட்சிகளுமே பெயரில் சாதியை வைத்துக்கொள்ளவில்லை. ஒன்று உழைப்பைச் சொன்னது, மற்றது பொதுநலத்தைச் சொன்னது. 1952 தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னை சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. உழைப்பாளர் கட்சி 19, காமன்வீல் 6. திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. இரண்டு இடங்களையும் உழைப்பாளர் கட்சியே எடுத்தது. பெரும்பான்மை இல்லாத ராஜாஜிக்கு மாணிக்கவேலு ஆதரவு தந்து அமைச்சரானார். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானபோது ராமசாமி படையாட்சியாரும் அமைச்சரவைக்குள் வந்தார். இரு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. கணக்கேட்டில் பெயர் மாறுவதற்கு அறுபது ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வாக்குச்சீட்டு கைக்கு வந்த இரண்டே ஆண்டுகளில் அமைச்சரவைக்குள் இருந்தார்கள்.

இதைக் கூர்ந்து பார்த்தவர்கள் லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் என்ற அமெரிக்கத் தம்பதியர். 1956இல் லண்டனிலிருந்து தரைவழியாகவே லேண்ட் ரோவர் வண்டியில் இந்தியா வந்தவர்கள் அவர்கள். ஆல்மண்ட்–கோல்மன் தொகுப்பு வெளிவந்த அதே 1960இல் சாதிச் சங்கங்களின் அரசியல் பணியைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையும், 1967இல் ‘மரபின் நவீனம்’ என்று பொருள்படும் தலைப்பில் வந்த நூலும் இந்த மாவட்டங்களின் கதையை உலக அரசியல் அறிவியலின் மேசைக்குக் கொண்டுபோயின. சாதி மறையவில்லை, தன் வேலையை மாற்றிக்கொண்டது என்பது அவர்கள் வாதம். பிறப்பால் சேர்வதாக இருந்தது சந்தா கட்டிச் சேரும் சங்கமாகிறது. பஞ்சாயத்து நாட்டாமையின் இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு வருகிறது. ஊர் எல்லைக்குள் இருந்த உறவு மாவட்ட எல்லைக்கு விரிகிறது. திரட்டலில் மூன்று வகையை அவர்கள் பிரித்தார்கள். பெரிய மனிதர் தன்னை நம்பி வாழ்பவர்களின் வாக்கை அள்ளிக் கொடுப்பது செங்குத்துத் திரட்டல். ஒரு சாதி தன் சொந்தத் தலைவர்களின் கீழ் அணிவகுப்பது கிடைத் திரட்டல். கட்சிகள் ஒரே சாதியின் வெவ்வேறு பிரிவினரை வெவ்வேறு காரணம் சொல்லி ஈர்ப்பது பிரிநிலைத் திரட்டல். 1952இன் தென்னார்க்காடு, முதல் வகையிலிருந்து இரண்டாவதற்குத் தாவிய இடம். பண்ணை வீட்டுத் திண்ணையில் முடிவாகிக்கொண்டிருந்த வாக்கு அங்கே முதன்முறையாக வேறு இடத்தில் முடிவானது.

இங்கே ஒரு மறுப்பு உடனே வரும். இதில் வளர்ச்சி எங்கே? சாதி வேட்டியை மாற்றிக்கொண்டு வாக்குச்சாவடிக்கு வந்தது, அவ்வளவுதானே. வாக்கு வங்கி என்ற சொல்லே இதற்காகப் பிறந்ததுதானே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அடுத்து வந்த தேர்தல்களின் கணக்கு அதற்குப் பதில் சொல்கிறது. வங்கி என்றால் வைப்பு அப்படியே இருக்க வேண்டும். காங்கிரசிலிருந்து வெளியேறிய படையாட்சியார் உழைப்பாளர் கட்சிக்கு மறுபடி உயிர்கொடுத்தார். 1962 சட்டமன்றத் தேர்தலில் அதற்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. 1952இல் அதே கட்சியின் சார்பில் விக்கிரவாண்டியில் வென்ற ஏ. கோவிந்தசாமி திமுகவுக்குப் போய், 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சரானார். படையாட்சியாரோ 1980இலும் 1984இலும் திண்டிவனத்திலிருந்து காங்கிரஸ் உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார். 2016இல், வன்னியர் சங்கத்திலிருந்து பின்னாளில் பிறந்த பாட்டாளி மக்கள் கட்சி கூட்டணி இல்லாமல் தனியே நின்றபோது ஓர் இடத்திலும் வெல்லவில்லை. சாதியைக் கேட்டு வாக்களித்தவர்கள், சாதிக்காரர் கேட்டார் என்பதற்காக மட்டும் வாக்களிக்கவில்லை. ருடால்ஃப்களின் மூன்றாவது வகை இதுதான்: கிடையாகத் திரண்ட சாதி, கட்சிகளின் கையில் பிரிந்து பரவியது. வங்கியாக இருந்திருந்தால் அது பலமுறை திவாலாகியிருக்க வேண்டும்.

ஆனால் ருடால்ஃப்களின் விளக்கமும் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. அவர்கள் கணக்குப்படி, சாதிச் சங்கம் தன் உறுப்பினரை அரசியலுக்குப் பழக்கிவிட்டுத் தானே மெலிந்துபோக வேண்டும். 1967இல் திமுக வென்றபோது அப்படித்தான் தோன்றியது. நடந்தது வேறு. 1969இல் அமைந்த ஏ. என். சட்டநாதன் ஆணையம், பிற்பட்டோருக்குள்ளேயே மிகவும் பின்தங்கியவர்கள் உண்டு, அவர்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அந்தப் பிரிவினையை ஏற்காமல் 1971இல் பிற்பட்டோரின் மொத்த விழுக்காட்டை 25இலிருந்து 31ஆக உயர்த்தியது, 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அதை 50 ஆக்கியது. பானை பெரிதானது, அகப்பை யார் கையில் என்ற கேள்வி அப்படியே இருந்தது. பள்ளிப் படிப்பு முன்பே பரவியிருந்த சாதிகளுடன் ஒரே வரிசையில் நின்று போட்டியிட மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவனால் முடியவில்லை. அந்த 1980இல்தான் திண்டிவனத்து மருத்துவர் ச. ராமதாஸ் பல சங்கங்களை இணைத்து வன்னியர் சங்கத்தை நிறுவினார். மாநிலத்தில் 20 விழுக்காடு, மத்தியில் 2 விழுக்காடு தனி ஒதுக்கீடு என்று இம்முறை கோரிக்கை எண்ணாக எழுதப்பட்டது. அதில் புராணம் இல்லை, குலப்பெருமை இல்லை; மக்கள்தொகையில் இத்தனை பேர், அரசுப் பணியில் இத்தனை பேர் என்ற வகுத்தல் கணக்கு மட்டும் இருந்தது.

இந்தத் தலைகீழ் மாற்றத்தைச் சமஸ்கிருதமயமாதல் விளக்காது. படியேற விரும்பும் சாதி, கீழ்ப்படியில் இருக்கிறோம் என்று ஏன் ஊரறியச் சொல்ல வேண்டும்? மரபு கரைந்து தனி ஆட்கள் பிறக்கிறார்கள் என்ற நவீனமயக் கோட்பாடும் விளக்காது. சாதி இங்கே கரையவில்லை. விளக்கம் மனுவின் முகவரியில் இருக்கிறது. மதிப்பைப் பகிர்ந்தளிப்பவராக அரசு தோன்றிய காலத்தில் மனு மதிப்பைக் கேட்டது. இடங்களைத் தேர்தல் பகிர்ந்தளித்தபோது வேட்பாளர்களை நிறுத்தியது. கல்லூரி இடத்தையும் வேலையையும் விதி வகுத்துப் பகிர்ந்தளிக்கும் அமைப்பாக அரசு மாறியபோது மனு அந்த விதியின் மொழியைக் கற்றுக்கொண்டது. ஆகவே ஒரு சமூகத்தின் அரசியல் வளர்ச்சியை அறிய, அது எதை உதறியது என்று தேடிப் பயனில்லை. அது யாரிடம், எந்தச் சான்றைக் காட்டி, என்ன கேட்கிறது என்று காலவரிசையில் படிக்க வேண்டும். வம்சத்தைச் சான்றாகக் காட்டியவர்கள் எண்ணிக்கையையும் பின்தங்கிய நிலையையும் சான்றாகக் காட்டத் தொடங்கியதுதான் இந்த மாவட்டத்தில் நடந்த வளர்ச்சி. வம்சத்தை எவரும் மறுத்து நிரூபிக்க முடியாது. எண்ணைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். சரிபார்க்கக்கூடிய கோரிக்கையே மக்களாட்சியால் கையாளக்கூடிய கோரிக்கை.

இரண்டாவது மறுப்பு சாமுவேல் ஹண்டிங்டனிடமிருந்து வருகிறது. 1965இல் எழுதிய கட்டுரையிலும் 1968இல் வந்த நூலிலும் அவர் எச்சரித்தார்: மக்கள் திரள்வது வேகமாகவும் நிறுவனங்கள் வளர்வது மெதுவாகவும் இருந்தால் கிடைப்பது வளர்ச்சி அல்ல, சிதைவு. 1987 செப்டம்பர் 17 முதல் 23 வரை நடந்த சாலை மறியல் இதற்குச் சான்றாகாதா? சென்னையைத் தெற்கோடு இணைக்கும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் திண்டிவனம், விழுப்புரம் வழியாகவே போகின்றன. இங்கே மறித்தால் மாநிலமே நிற்கும். நின்றது. போலீஸ் துப்பாக்கிச்சூடு உட்பட அந்த வாரத்து நிகழ்வுகளில் 21 பேர் உயிரிழந்தார்கள். மனு காதில் விழ உயிர்கள் போக வேண்டியிருந்தது நிறுவனங்களின் தோல்விதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஹண்டிங்டன் சொன்ன சிதைவு அதற்கடுத்துத் தொடர வேண்டுமே? 1989இல் வந்த திமுக அரசு 50 விழுக்காட்டைப் பிரித்து 20 விழுக்காட்டை மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் ஒதுக்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன் சட்டநாதன் ஆணையம் காட்டிய பிரிவினைதான் அது. அதே ஆண்டு ஜூலையில் ராமதாஸின் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. சாலையில் உட்கார்ந்தவர்கள் வாக்குச்சாவடிக்குத் திரும்பினார்கள். நிறுவனம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. தாமதத்தையும் சிதைவையும் ஒன்றாக எண்ணியது ஹண்டிங்டனின் பிழை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு சாதி திரள்வது அதற்கு மேலே இருப்பவர்களைப் பொறுத்தவரை மக்களாட்சி. அதற்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு? 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நடந்த கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதை ஏதேனும் ஒரு சாதியின் கணக்கில் மட்டும் எழுதுவது முறையாகாது; ஆனால் ஊருக்கும் சேரிக்கும் இடையே என்ன இருந்தது என்பதை அது காட்டியது. 1987 மறியல் வாரத்தில் தலித் குடிசைகள் எரிக்கப்பட்டதும் அந்தப் போராட்ட வரலாற்றின் பகுதியே. சங்கத்துக்குள் நடப்பதை மட்டும் அளந்த ருடால்ஃப்களின் கோலுக்கு இந்த இடைவெளியை அளக்கும் அளவு இல்லை. 1952இல் திண்டிவனத்தின் இரு இடங்களையும் வென்ற கட்சி உழைப்பாளர் என்ற பெயரில் வன்னியரையும் தலித்தையும் ஒன்றாக அழைத்தது. அந்த அழைப்பு நிலைக்கவில்லை. பின்னர் தலித் மக்கள் தங்கள் மனுவைத் தாங்களே எழுதினார்கள். தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009இல் திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி மறைந்து விழுப்புரம் தனித்தொகுதி வந்தது. 2019இலும் 2024இலும் அங்கே வென்றவர் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் து. ரவிக்குமார். ஆக, மாவட்டத்தின் வளர்ச்சி என்று ஒரே கோடு கிடையாது. ஒரே ஊரில் இரண்டு மனுக்கள் இரண்டு வேகத்தில் நகர்ந்திருக்கின்றன. ஒன்றின் முன்னேற்றத்தை மற்றொன்றின் முன்னேற்றமாக எழுதும் கோட்பாடு பாதி உண்மையைத்தான் எழுதுகிறது.

மனுவின் கடைசிக் கட்டம் நீதிமன்றத்தில் நடந்தது. 20 விழுக்காட்டை நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளோடு பகிர வேண்டியிருக்கிறது என்ற பழைய குறை, 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் அறிவிப்பு வந்த அதே நாளில், சட்டமானது: வன்னியகுல க்ஷத்திரியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சட்டத்தை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உள் ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று உச்சநீதிமன்றம் சொல்லவில்லை. 1980களின் அம்பாசங்கர் ஆணையத்தின் பழைய தரவைக் கொண்டு ஒரு சாதியை மட்டும் தனியே பிரிக்கப் போதிய அடிப்படை இல்லை என்றது. இதைச் சிலர் சமூகநீதியின் தோல்வி என்றார்கள், சிலர் தேர்தல் அவசரத்தின் தண்டனை என்றார்கள். இத்தொடரின் கேள்வியைப் பொறுத்தவரை முக்கியமானது இதுதான்: வீதியும் சட்டமன்றமும் ஏற்றுக்கொண்ட ஓர் எண்ணை, சான்று எங்கே என்று கேட்டு நிறுத்த ஒரு நிறுவனம் இருந்தது. எண்ணால் கேட்கப் பழகிய சமூகத்துக்கு, எண்ணை மெய்ப்பிக்கச் சொல்லும் அரசும் வேண்டும். முதலாவது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே இருக்கிறது. இரண்டாவது அரைகுறையாக இருக்கிறது. எல்லாச் சாதிகளின் முழு எண்ணிக்கையும் கடைசியாக அச்சானது 1931 கணக்கெடுப்பில்தான்.

ஆகவே தீர்ப்பு இப்படி அமைகிறது. சாதி இருக்கும்வரை அரசியல் வளர்ச்சி இல்லை என்ற 1950களின் ஏடு தென்னார்க்காட்டில் தவறிவிட்டது. சாதிச் சங்கம் மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும் என்ற 1960களின் நம்பிக்கையும் நிறைவேறவில்லை. கோரிக்கை எந்த அளவுக்குச் சரிபார்க்கத்தக்கதாக ஆகிறது, சரிபார்க்கும் திறன் எந்த அளவுக்கு அரசிடம் இருக்கிறது, அந்தச் சோதனை எல்லா மனுதாரருக்கும், சேரியிலிருந்து வரும் மனுவுக்கும், ஒன்றுபோல நடக்கிறதா என்ற மூன்றையும் வைத்துத்தான் ஒரு மாவட்டத்தின் வளர்ச்சியை அளக்க முடியும். முதல் கேள்விக்கு விழுப்புரமும் திண்டிவனமும் நல்ல மதிப்பெண் பெறுகின்றன. மற்ற இரண்டுக்கும் விடைத்தாள் இன்னும் திருத்தப்படவில்லை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று மத்திய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு 2025 ஏப்ரல் 30 அன்று முடிவெடுத்தது. அதற்குக் குறிக்கப்பட்ட நாள் 2027 மார்ச் 1. 1871இல் தொடங்கிய மனு மறுபடி அதே கணக்கெடுப்பு அலுவலகத்தின் மேசைக்கு வருகிறது.